நியூயார்க் சிறப்பு உயர்நிலைப் பள்ளித் தேர்வு: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

குவீன்ஸில் மிடில் ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். கோடை விடுமுறை முடியும் நேரத்தில் கோயில் கேன்டீனிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இந்தத் தேர்வைப் பற்றித்தான் பேச்சு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற வருஷம்தான் சென்னையிலிருந்து வந்தோம். மகள் ஏழாம் வகுப்பு. எல்லோரும் ‘ஸ்பெஷலைஸ்டு ஸ்கூல் டெஸ்ட்’ என்கிறார்கள். அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் எட்டுப் பள்ளிகள் மட்டும் ஒன்பதாம் வகுப்புக்கு எஸ்எச்எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் மூன்றும் பழையவை, பெரியவை. ஸ்டேட்டன் ஐலண்ட் டெக், புரூக்ளின் லத்தீன், சிட்டி காலேஜ், லீமன் கல்லூரி, யார்க் கல்லூரி வளாகங்களில் இருக்கும் மூன்று சிறிய பள்ளிகள் ஆகியவை மற்ற ஐந்து. லாகுவார்டியா என்ற ஒன்பதாவது சிறப்புப் பள்ளியும் உண்டு, ஆனால் அங்கே இந்தத் தேர்வு இல்லை, இசை, நடனம், ஓவியம் போன்ற கலைத் திறனைப் பார்த்துச் சேர்ப்பார்கள்.

பள்ளி மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, நேர்காணல் எதுவும் இந்த எட்டுக்குக் கணக்கில் வராது. தேர்வு மதிப்பெண் ஒன்றுதான். ஆண்டுக்குச் சுமார் 25,000 பிள்ளைகள் எழுதுகிறார்கள், சுமார் 4,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. கட்டணம் இல்லை. உங்கள் மகள் எட்டாம் வகுப்புக்குப் போனதும் இலையுதிர் காலத்தில் நகரக் கல்வித் துறையின் மைஸ்கூல்ஸ் இணையதளத்திலோ பள்ளிக் கவுன்சிலர் வழியாகவோ பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் கெஞ்சியும் பயனில்லை. முடிவு வசந்த காலத்தில் வரும்.

அவள் பள்ளியில் ஆங்கிலம் கற்போர் பிரிவில் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். அதைக் கவுன்சிலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். பையன் எழுதலாமா? இன்னொன்று, வீடு ஃபுளோரல் பார்க்கில்.

விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசுப் பள்ளியில் சேரக் குடியுரிமை தேவையில்லை. 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் அதை உறுதி செய்துவிட்டது. தனியார் பள்ளியிலோ, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளியிலோ படித்தாலும் எழுதலாம்.

சிக்கல் உங்கள் வீட்டு முகவரியில்தான் இருக்கலாம். ஃபுளோரல் பார்க் என்ற பெயர் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. குவீன்ஸ் பக்கம் என்றால் நீங்கள் நியூயார்க் நகரவாசி, பையன் எழுதலாம். நாசோ கவுண்டி பக்கம் என்றால் அது நகரத்துக்கு வெளியே, எழுத முடியாது. அஞ்சல் முகவரியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் வாடகை ஒப்பந்தம் போடுமுன் எந்தக் கவுண்டி என்று பாருங்கள். நியூ ஹைட் பார்க்கில் வீடு தேடுகிறவர்களும் இதே கவனத்தோடு இருங்கள்.

பள்ளிகளை வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். ஸ்டைவசன்ட்டை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால், இரண்டாவதாகப் போட்ட பிராங்ஸ் சயின்ஸும் கை நழுவிப் போகுமாமே? பாதுகாப்பாக எளிதான பள்ளியை முதலில் போடவா?

வேண்டாம். வருஷா வருஷம் யாரோ ஒருவர் இந்த வதந்தியைக் கிளப்பி, நல்ல பிள்ளைகளைத் தவறான வரிசை போட வைக்கிறார்கள்.

நடப்பது இதுதான். எழுதிய எல்லோரையும் மதிப்பெண்படி மேலிருந்து கீழாக நிறுத்துகிறார்கள். முதல் இடத்தில் இருக்கும் பிள்ளையின் பட்டியலைத் திறந்து அவர் முதலில் கேட்ட பள்ளியைக் கொடுக்கிறார்கள். அப்புறம் இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை. உங்கள் மகன் 530 வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முறை வரும்போது ஸ்டைவசன்ட் நிரம்பியிருக்கும், சமீப ஆண்டுகளில் அங்கே 560-ஐ ஒட்டித்தான் கதவு மூடுகிறது. உடனே அவனுடைய இரண்டாவது விருப்பத்தைப் பார்ப்பார்கள். பிராங்ஸ் சயின்ஸில் இடம் மிச்சமிருந்தால் அவனுக்கே. அதை முதலாவதாகப் போட்டிருந்த, ஆனால் 525 வாங்கிய பிள்ளை அவனுக்குப் பின்னால்தான் நிற்கும். ஸ்டைவசன்ட்டை மேலே போட்டதற்காக ஒரு புள்ளிகூடக் குறையாது.

உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. பயந்துபோய்ப் புரூக்ளின் டெக்கை முதலாவதாகப் போட்டு, பிள்ளை 570 வாங்கினால், கிடைப்பது புரூக்ளின் டெக் மட்டுமே. ‘ஸ்டைவசன்ட்டும் கிடைத்திருக்குமே’ என்று பிறகு மாற்ற முடியாது. மதிப்பெண் தெரியும் முன்பே வரிசை கொடுத்துவிடுகிறோம் என்பதை மறக்காதீர்கள். அதனால் எட்டு பள்ளிகளும் இடம் தந்தால் பிள்ளை எங்கே போக ஆசைப்படுவான் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அந்த வரிசையையே எழுதுங்கள். போக விருப்பமில்லாத பள்ளியை எழுதவே வேண்டாம்.

பேரன் கணக்கில் கெட்டி. ஆனால் மாதிரித் தேர்வில் ஆங்கிலம் காலை வாருகிறது. சனி, ஞாயிறு டியூஷன், அதற்கு ஏகப்பட்ட செலவு. நான் ஆறு மாதம் இங்கே இருப்பேன். எனக்கு ஆங்கிலம் சுமார்தான். ஏதாவது உதவ முடியுமா? (ஒரு தாத்தா, பெல்ரோஸ்)

ஐயா, உங்களால் டியூஷன் சென்டரைவிட அதிகமாக உதவ முடியும்.

2017-இல் வந்த வடிவத்தில் ஆங்கிலம் 57 வினா, கணிதம் 57 வினா, மொத்தம் 180 நிமிடம். இரண்டு பக்கமும் பத்துப் பத்து வினாக்கள் சோதனைக்காகச் சேர்த்தவை, மதிப்பெண் இல்லை. எவை என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆங்கிலமும் கணிதமும் சம எடை. நம் வீடுகளில் கணக்கையே மேலும் மேலும் தீட்டுகிறோம். ஏற்கெனவே 57-இல் 50 சரியாகப் போடுகிற பிள்ளைக்கு அங்கே கிடைக்கப்போவது இன்னும் இரண்டு மூன்றுதான். ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு காத்திருக்கிறது.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கே விழுகிறார்கள் என்று பல வருஷம் பார்த்துவிட்டேன். சொல்வளம் குறைவு என்பதால் அல்ல. நான்கு விடைகளில் ஒன்று உலக நடப்புக்குச் சரியாக இருக்கும், ஆனால் பத்தியில் இருக்காது. அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கதையும் கட்டுரையும் கவிதையும் வரும், எல்லாவற்றிலும் இதே வலை.

தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் பேரன் ஒரு பத்தியை வாசிக்கட்டும். வாசித்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அப்படின்னு எந்த வரியில இருக்கு? காட்டு.” காட்ட முடியாவிட்டால் மறுபடி வாசிக்கட்டும். அரை மணி நேரம் போதும். ஆறு மாதம் விடாமல் செய்தீர்கள் என்றால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இப்படி ஒரு பாட்டி உட்கார்ந்து கேட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். தமிழும் சேர்ந்தே வளர்ந்தது.

மூத்த அண்ணன், அக்காவிடமிருந்து வந்த பழைய பயிற்சிப் புத்தகம் வீட்டில் இருந்தால் பதிப்பாண்டைப் பாருங்கள். குலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, தர்க்கப் புதிர் எல்லாம் அதில் இருந்தால் அது 2017-க்கு முந்தையது. அந்தப் பகுதிகளுக்கு நேரம் செலவிடாதீர்கள். நகரக் கல்வித் துறையே மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. முதலில் அதை முடிக்கட்டும்.

கணினியில் நடத்துகிறார்களாமே? வீட்டில் தாளில்தான் பழக்கியிருக்கிறோம்.

ஆமாம், 2025 இலையுதிர் காலத் தேர்விலிருந்து கணினிதான். அதற்கு அடுத்த ஆண்டு முதல் பிள்ளையின் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடினம் மாறும் முறை என்று அறிவித்தார்கள். ஆகவே ‘கஷ்டமானதைத் தாண்டிவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம்’ என்ற பழைய உத்தியை நம்பிப் பழக்காதீர்கள். வினா கடினமாகிக்கொண்டே போனால் பிள்ளை கலங்கக் கூடாது, நன்றாகச் செய்கிறான் என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கால்குலேட்டர் கிடையாது. திரையைப் பார்த்துக்கொண்டே தாளில் கணக்குப் போடுவது தனிப் பழக்கம், அதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள்.

குளென் ஓக்ஸிலிருந்து பிராங்ஸ் சயின்ஸ் போய்வருவது சாத்தியமா?

போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கூகுள் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பள்ளி நாள் ஒன்றில் காலை ஆறு மணிக்குப் பிள்ளையோடு கிளம்பி நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். யூனியன் டர்ன்பைக் பேருந்தில் கியூ கார்டன்ஸ், அங்கிருந்து ஈ ரயில், மன்ஹாட்டனில் இறங்கி டி ரயில், அப்புறம் நடை. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்தை நெருங்கும். மாணவர்களுக்கான ஆம்னி இலவசப் பயண அட்டை இருப்பதால் காசு செலவில்லை, தூக்கம்தான் செலவு. ஸ்டைவசன்ட்டுக்காவது ஈ ரயிலில் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து போகலாம். ஜமைக்காவில் யார்க் கல்லூரி வளாகத்தில் இருக்கும் குவீன்ஸ் அறிவியல் பள்ளியை நம்மவர்கள் பெயர் போதவில்லை என்று கடைசியில் போடுகிறார்கள். சிறிய பள்ளி, ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். நீங்கள் இருக்கும் இடத்துக்கு அதை மேலே வைப்பேன்.

இந்தத் தேர்வையே ஒழிக்கப் போகிறார்களாமே? நம் பிள்ளைகளுக்கு எதிராகத்தானே?

பழைய மூன்று பள்ளிகளுக்கும் தேர்வு மட்டுமே அளவுகோல் என்று 1971-இல் மாநிலச் சட்டம் போட்டார்கள். ஆல்பனியில் இருக்கும் மாநிலச் சட்டமன்றம் மாற்றினால் ஒழிய அது மாறாது. 2018-இல் மேயர் டி பிளாசியோ முயன்றார், நடக்கவில்லை.

ஆனால் தேர்வை எதிர்ப்பவர்களின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். 2019-இல் ஸ்டைவசன்ட் இடம் கொடுத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். நகர அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் அப்போது சுமார் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் என்னும்போது இது வருத்தத்துக்குரிய எண். அந்தப் பள்ளியில் படிக்கும் ஆசியப் பிள்ளைகளில் பலரும் ஏழை வீடுகளிலிருந்து வருகிறவர்கள் என்பதும் உண்மைதான். எனக்குத் தேர்வு இருக்கட்டும் என்றே தோன்றுகிறது. கூடவே, எல்லா வட்டாரத்து மிடில் ஸ்கூலிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே இலவசப் பயிற்சி வேண்டும் என்று நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நிற்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு டிஸ்கவரி திட்டம் உண்டு: கோடை வகுப்பை முடித்தால் இடம். படிக்கும் மிடில் ஸ்கூலும் வறுமை மிகுந்த பள்ளியாக இருக்க வேண்டும். நம்மிலும் தகுதியுள்ள குடும்பங்கள் இருக்கின்றன, கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

அங்கிள், நான் எட்டாம் வகுப்பு. கிடைக்கலேன்னா அப்பா ரொம்ப வருத்தப்படுவார். என்ன செய்யறது?

கண்ணா, இதை அப்பாவும் வாசிக்கட்டும். எழுதுகிறவர்களில் ஆறில் ஐந்து பேருக்குக் கிடைப்பதில்லை, அவர்களில் நல்ல மூளைக்காரர்கள் நிறைய பேர். ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு முறை எழுதலாம், இடங்கள் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், மற்ற உயர்நிலைப் பள்ளிகளுக்கு நீ தனியாகக் கொடுக்கும் பட்டியல். அதற்கும் இந்தத் தேர்வுக்கும் சம்பந்தமில்லை, அங்கே உன் பள்ளி மதிப்பெண் பேசும். ஃபிளஷிங்கில் டவுன்சென்ட் ஹாரிஸ் இருக்கிறது, குவீன்ஸிலேயே பார்ட் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை முதலில் எழுது. அப்புறம் மாதிரித் தேர்வைத் திற.