கவுன்சிலரா, எம்.எல்.ஏ.வா? சென்னைவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

குடியிருப்போர் நலச் சங்கத்தில் மனு எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. பகுதி சபைக் கூட்டம் (வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டம்) வருகிறது என்றதும் வீடு, பஸ், கட்டடம் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சாக்கடை அடைப்பு என்று போனால் கவுன்சிலர், "மெட்ரோ வாட்டரைக் கேளுங்க" என்கிறார். பஸ் வேண்டும் என்றால் "எம்.டி.சி.யைக் கேளுங்க" என்கிறார். அப்புறம் கவுன்சிலர் எதற்கு சார்? (மடிப்பாக்கம்)

கோபம் நியாயம்தான், ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. தெருச்சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, பூங்கா ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியத்திடம் இருக்கின்றன. பஸ் மாநிலப் போக்குவரத்துத் துறையின் எம்.டி.சி.யிடம் (மாநகரப் போக்குவரத்துக் கழகம்), பெரிய கட்டடங்களின் அனுமதியும் நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் முழுமைத் திட்டமும் சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), பட்டா தாசில்தாரிடம். இவையெல்லாம் மாநில அரசின் கையில் இருப்பதால்தான் எம்.எல்.ஏ.விடம் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். சாலை நடுவே வட்ட மூடி வழியாகப் பொங்கினால் பெரும்பாலும் மெட்ரோ வாட்டர். ஓரத்தில் செவ்வகப் பலகை போட்ட கால்வாயில் தேங்கினால் மாநகராட்சி. இதைப் பிரித்துச் சொல்லாமல் "சாக்கடைப் பிரச்சினை" என்று மனு கொடுத்தால் இரண்டு அலுவலகமும் மாற்றி மாற்றிக் கைகாட்டும்.

அதற்காகக் கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். மண்டலக் குழுக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். தன் லெட்டர்பேடில் பகுதிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். தனி ஆளின் மனுவைவிட அதற்கு நிச்சயம் பலன் அதிகம்.

கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போக பஸ் போதவில்லை. சென்னைக் கவுன்சிலர் யாரும் எங்களைக் கண்டுகொள்வதில்லை.

அம்மா, இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் வராது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி அது. நகரத்தின் நடுவில் வார்டு வாக்காளராக இருந்தவர்கள் ஒரே நாளில் ஊராட்சிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் இன்னும் நகரத்தில் இருக்க, கேள்வி கேட்கும் இடம் மட்டும் மாறிவிட்டது. எட்டு மாடிக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குடியேற்றிவிட்டு நிர்வாகத்தை ஓர் ஊராட்சியின் தலையில் வைத்தது பெரிய அநீதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்த நகலோடு சோழிங்கநல்லூர் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். எம்.டி.சி. மாநில அரசின் கழகம். சட்டமன்றத்தில் போக்குவரத்து மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச அவருக்கு உரிமை இருக்கிறது.

மனுவில் "கூடுதல் பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், மத்தியானம் காலியாக ஓடும் ஒரு வண்டியைக் கணக்குக் காட்டிவிடுவார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் தட எண்ணில், எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள். நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஒரு வாரம் ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ், ஏற முடியாமல் விட்ட பஸ் எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொடுத்தால் கிளை மேலாளர் மறுத்துப் பேச முடியாது. இன்னொன்று: 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்களில் மட்டும்தான். டீலக்ஸ் விட்டால் காசு கொடுத்தாக வேண்டும். அதனால் "சாதாரணக் கட்டண பஸ்" என்ற வார்த்தை மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

எங்கள் குறுகலான தெருவில் பக்கத்து மனையில் ஐந்து மாடி எழும்புகிறது. கவுன்சிலரால் நிறுத்த முடியுமா?

அனுமதி முறையாக வாங்கியிருந்தால் முடியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி 18.30 மீட்டர் உயரம் வரை இருந்தால் அது 'உயரமான கட்டடம்' (ஹை-ரைஸ்) என்ற கணக்கில் வராது. ஆனால் எவ்வளவு கட்டலாம் என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. அங்கேதான் ஏமாற்று நடக்கும்: வரைபடத்தில் காட்டிய அகலம் தெருவில் இருக்காது. நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். அனுமதி வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பக்க இடைவெளி, மாடி எண்ணிக்கை, சாலை அகலம் மூன்றையும் ஒப்பிட்டு, மீறல் இருந்தால் அனுமதி தந்த அலுவலகத்துக்கே எழுதி, நகலைக் கவுன்சிலருக்குக் கொடுங்கள். அஸ்திவாரம் போடும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கான்கிரீட் போட்டு ஆள் குடிவந்தபின் இடிக்கச் சொல்லிப் போராடுவது மிகவும் கஷ்டம்.

லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் ஷெட் போட்டுவிட்டார்கள்.

பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்கள் கிரயப் பத்திரத்தைப் பிரித்து, அதில் பி.பி.டி./எல்.ஓ. என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். அதுதான் சி.எம்.டி.ஏ. அங்கீகார எண். அதைக் கொடுத்து வரைபட நகல் வாங்கினால் எந்த மூலையில் எத்தனை சதுர மீட்டர் பூங்கா என்று தெரிந்துவிடும். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்த இடம் மாநகராட்சியின் சொத்து, மீட்பது மாநகராட்சியின் கடமை. பல இடங்களில் பத்திரமே எழுதித் தரப்பட்டிருக்காது. அங்கே கவுன்சிலரிடம், "வேலி போடுங்க" என்பதற்கு முன்னால், "பத்திரம் வாங்கி எங்கள் வார்டு பூங்காப் பட்டியலில் சேருங்க" என்று கேளுங்கள்.

மூன்றாவது முழுமைத் திட்டத்தில் எங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டா?

2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும். அடுத்தது அதற்கப்புறம் வரும் இருபது வருடங்களுக்கு. வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்ல அவகாசம் தந்தாக வேண்டும் என்று 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே சொல்கிறது. 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் முதல் வரியே நகரத் திட்டமிடல்தான். இருந்தும் அந்த அதிகாரம் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்துக்கு வரவில்லை. இதை உங்கள் எம்.எல்.ஏ.விடம் நேருக்கு நேர் கேட்க வேண்டும்.

முழுமைத் திட்டத்தைவிட உடனே கவனிக்க வேண்டியது நில உபயோக மாற்றம். குடியிருப்பு மனையை வணிகமாகவோ நிறுவனமாகவோ மாற்ற விண்ணப்பம் வந்தால் நாளிதழில் விளம்பரம் வரும், ஆட்சேபிக்க 21 நாள். ஓரத்தில் பொடி எழுத்தில் சர்வே எண் மட்டும் இருக்கும். சங்கத்தில் ஒருவராவது உங்கள் பகுதி சர்வே எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வர வேண்டும்.

பகுதி சபைக்குக் கவுன்சிலரின் ஆட்கள்தான் வருகிறார்கள். போய் என்ன பிரயோஜனம்?

அப்படி நடக்கிற இடங்கள் உண்டு. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள். வார்டு குழு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அது பெரிய குறைதான். ஆனால் அந்தப் பகுதியின் ஒவ்வொரு வாக்காளரும் சபையின் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை.

போகும்போது ஒரே ஒரு கோரிக்கையை, தெருப்பெயர், கதவு எண் முதல் கதவு எண் வரை என்று, எழுதி எடுத்துப் போங்கள். பேசி முடித்ததும், "இதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்க" என்று சொல்லி, எழுதுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருமுறை எங்கள் தெருவிளக்குக் கோரிக்கை "பொதுவான கருத்துகள் கூறப்பட்டன" என்று குறிப்பில் முடிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் தெருப்பெயரோடு எழுத வைத்தபின்தான் மதிப்பீடு தயாரிக்க உதவிப் பொறியாளர் வந்தார். குறிப்பில் இல்லாத கோரிக்கைக்கு மாமன்றத்தில் வேலையில்லை, ஒப்பந்தத்திலும் இடமில்லை.

நான் வாடகைக்கு இருப்பவன். நான் பேசலாமா? சங்கத்தில் "ஓனர்தான் வரணும்" என்கிறார்கள்.

தாராளமாகப் பேசலாம். சங்கத்தின் விதி சங்கத்துக்குள் மட்டும்தான். பகுதி சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், வீடு யார் பெயரில் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. உண்மையில் பஸ்ஸையும் நடைபாதையையும் அதிகம் நம்பியிருப்பது வாடகைக் குடும்பங்கள்தான், அவர்கள் குரல்தான் குறைவாகக் கேட்கிறது. பழைய முகவரியிலேயே ஓட்டு இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லையென்றாலும் வேறு முகவரிச் சான்றுகளை ஏற்பார்கள், வாக்குச்சாவடி அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.