பேஸ்புக்கா முபாரக்க இறக்கினது?

கேள்வி: 2011ல எகிப்துல ஜனாதிபதி முபாரக்க வீட்டுக்கு அனுப்பினது பேஸ்புக் தான் எண்டு எங்கட சேர் அடிச்சுச் சொல்லுறார், உண்மையா? (வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: பாதி உண்மை தம்பி. பொலிஸ் அடிச்சுக் கொன்ட காலித் சயீத் எண்ட இளைஞர்ட பேர்ல இருந்த பேஸ்புக் பக்கம் தான் ஜனவரி 25க்கு ஆக்களக் கூப்பிட்டது, அது சரி. ஆனா 28ஆம் தேதி அரசாங்கம் நெட்டயும் மொபைலயும் சேர்த்து கட் பண்ணிட்டு, இனி எல்லாம் அடங்கிரும் எண்டு நினைச்சிச்சு போல, அண்டைக்கு வெள்ளிக்கிழமை வேற, ஜும்ஆ முடிஞ்ச சனம் பள்ளிவாசல்ல இருந்து நேரா ரோட்டுக்கு இறங்கிட்டு, நெட் இல்லாத அந்த நாள்ல தான் கூட்டமே பெருத்தது. அரச டிவி அமைதியான நைல் ஆத்தக் காட்டிட்டு இருந்திச்சு (என்ன தைரியம் பாருங்க!), கத்தார் டிவி அல் ஜசீரா, சனம் கூடியிருந்த கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்தக் காட்ட, அவங்கட கெய்ரோ ஆபீஸ பூட்டினாங்க. கடைசில தொழிலாளர் ஸ்ட்ரைக்கும், ஆர்மி கைவிட்டதும் சேர்ந்து தான் பெப்ரவரி 11ல ஆள் போனார்.

நம்ம ஊர்லயும் பார்த்தம் தானே, 2022 மே 10, முதல் நாள் பிரதமர் பதவிய விட்ட மஹிந்த திருகோணமலை நேவி கேம்ப்ல எண்டு கதை போன்ல பரவ, வாசல்ல ஆக்கள் கூடிட்டாங்க, அரசாங்கம் ஒத்துக்கொண்டது அடுத்த நாள். சேர்ட்ட பிலிப்பைன்ஸையும் கேளுங்க, 1986ல ஜனாதிபதி மார்கோஸ சனம் இறக்கேக்க பேஸ்புக் ஏது, ரேடியோ வெரித்தாஸ் எண்ட கத்தோலிக்க ரேடியோவில மணிலா பேராயர் கர்தினால் சின் கூப்பிட்டதுக்கே மணிலாட எட்சா ரோடு நிரம்பிட்டு.