வாசகர் கேள்வி பதில்: காற்றால் குளிரும் இன்ஜின் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: என்னுடைய 1967 வோல்க்ஸ்வேகன் பீட்டிலின் இன்ஜினை அண்மையில் முழுதாகப் பிரித்து வேலை பார்த்தோம். பெங்களூருக்குள் குறையின்றி ஓடுகிறது. ஆனால் சென்னையிலிருந்து திரும்புகையில், கிருஷ்ணகிரி தாண்டி ஏறும்போது இழுவை குறைந்து நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் ஓசை) கேட்கிறது. சுங்கச்சாவடியில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. இன்னொரு ஆயில் கூலர் பொருத்தலாம் என்கிறார் மெக்கானிக். பொருத்தலாமா?
— அல்சூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காற்று போகும் வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கூலர் சேர்ப்பது, நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுப்பதாகும்.

வேலைக்குப் பின் தொடங்கிய கோளாறு என்பதால் என் முதல் சந்தேகம் தகரங்கள் மீதுதான். சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் சிறிய தடுப்புத் தகரங்கள், விசிறிக் காற்றைச் சிலிண்டரின் துடுப்புகளை (வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளை) சுற்றி அணைத்துச் செலுத்துபவை. அவற்றைத் தேவையற்ற துண்டுகள் என எண்ணித் திரும்ப மாட்டாமல் விடும் பட்டறைகள் உண்டு. அதேபோல் இன்ஜின் அறையின் விளிம்பைச் சுற்றிய ரப்பர் பட்டையும், பிளக் வயர்கள் நுழையும் துளைகளின் ரப்பர் மூடிகளும் கிழிந்திருந்தால், கீழே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுத்துக்கொள்ளும். நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் துடுப்புகளுக்கிடையில் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து மூன்றாவது சிலிண்டர். உங்கள் மாடலில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள்ளேயே இந்தச் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்து நிற்பதால், இது மற்ற சிலிண்டர்களைவிடச் சூடாக ஓடும். 1971 மாடலில்தான் கூலரைத் தனிக் கூண்டுக்கு மாற்றினார்கள். ஆகவே இன்ஜின் முற்றிலும் ஆறியபின் டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள சந்தைப் பாருங்கள், பொதுவாக 0.15 மி.மீ. வைப்பார்கள். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி மீண்டும் மீண்டும் குறைந்தால் வால்வு நீள்கிறது என்று பொருள். அது ஒடிந்து பிஸ்டனை உடைப்பதற்குள் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுங்கள். இதில் தாமதம் கூடாது.

நாக்கிங்குக்கு டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முன்னே போயிருப்பது ஒரு காரணம். மற்றொன்று பெட்ரோலும் காற்றும் சேரும் கலவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் பெட்ரோலைச் சற்று அதிகமாகக் கலக்கும். அதைக் குறைப்பதற்காக இங்கே சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டிருந்தால், சமவெளிக்கு இறங்கியதும் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் கொதிக்கும். கலவை செல்லும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்பு அடைப்பில் (கேஸ்கெட்டில்) காற்று கசிந்தாலும் இதே விளைவுதான்.

ஆயில் விளக்கு மினுக்குவது, ஆயில் சூடேறி நீர்த்துப்போனதன் அறிகுறி. இந்த இன்ஜின் கொள்வது 2.5 லிட்டர் மட்டுமே, அதுவே குளிர்விக்கும் வேலையிலும் பங்கெடுக்கிறது. அளவும் தரமும் குறையக் கூடாது.

கேள்வி: சூடானபின் நிறுத்தினால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆவதில்லை. ஏன்?
— ஜெயநகர் வாசகர்

பதில்: நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன், பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள்; பெட்ரோல் ஆவி இல்லாத இடமாக அதை வைத்துச் சோதியுங்கள். பொறி இல்லையென்றால், பொறிக்கான மின்சாரத்தை உருவாக்க உதவும் காயில் அல்லது கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். பொறி நன்றாக இருந்தால் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கலாம். குழாய் சூடான பாகங்களைத் தொடாதபடி அதன் வழியை மாற்றுங்கள்.