எரர் வராத ஃபேக்டரி கிளாஸை நம்பலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் (மேல்பாகம்) தைக்கும் கம்பெனிக்கு பில்லிங் சாஃப்ட்வேர், இதுதான் சார் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். உள்ளூர் பில், எக்ஸ்போர்ட் பில் இரண்டுக்கும் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி (ஒன்றோடொன்று பொருந்தும் ஆப்ஜெக்டுகளைச் சேர்த்து உருவாக்கித் தரும் டிசைன்) வைத்து காட்பாடி பக்கம் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பைத்தான் கோட் தந்தார்கள். எக்ஸ்போர்ட் ஃபேக்டரியில் பேக்கிங் லிஸ்ட் மெத்தடே இல்லை, ஆனாலும் எரர் வரவில்லை. அப்படியே சப்மிட் செய்யலாமா? கோட் இணைத்திருக்கிறேன்.
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. எரர் வராததுதான் இங்கே பிரச்சினையே.

உங்கள் பேஸ் கிளாஸில், அதாவது இரண்டு ஃபேக்டரிக்கும் தாய் கிளாஸில், ஒவ்வொரு மெத்தடுக்கு மேலேயும் அப்ஸ்ட்ராக்ட்மெத்தட் (இதை வாரிசு கிளாஸ் கட்டாயம் எழுத வேண்டும் என்ற குறி) என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த கிளாஸ் பைத்தானின் ஏபிசி-யிலிருந்து (அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்) இன்ஹெரிட் ஆகவில்லை. அது இல்லாவிட்டால் மேலே போட்டதெல்லாம் வெறும் அலங்காரம். பைத்தான் எதையும் சரிபார்க்காமல் ஆப்ஜெக்டை உருவாக்கிக் கொடுத்துவிடும், அப்புறம் பேக்கிங் லிஸ்ட் கேட்டால் பேஸ் கிளாஸில் 'பாஸ்' என்று காலியாக விட்ட மெத்தட் ஓடி 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை) வந்து நிற்கும், கன்டெய்னர் கிளம்பும் நாளில் பிரிண்ட் எடுக்கும்போதுதான் விஷயமே தெரியும். ஏபிசி மாட்யூலிலிருந்து ஏபிசி கிளாஸை இம்போர்ட் செய்து, பேஸ் கிளாஸின் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். எக்ஸ்போர்ட் ஃபேக்டரி ஆப்ஜெக்டை உருவாக்கும் வரியிலேயே டைப்எரர் வரும், எந்த மெத்தட் விட்டுப்போனது என்று பெயரோடு சொல்லும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளாஸை எழுதும்போதோ ஃபைலை இம்போர்ட் செய்யும்போதோ இந்தச் சோதனை நடக்காது, ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதுதான் நடக்கும். அதனால் வைவாவுக்கு உள்ளூர் பில்லை மட்டும் ஓட்டிக் காட்டினால் எக்ஸ்போர்ட் ஓட்டை மறைந்தே இருக்கும். அதோடு, மெத்தட் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதற்கு இரண்டு ஆர்குமென்ட் வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எழுதியிருந்தாலும் ஏபிசி வாயே திறக்காது.

சரி, ஃபேக்டரி எதற்கு? ஒரே குடும்பத்துப் பொருள்கள் கலந்துவிடாமல் இருக்க. எட்டாம் நம்பர் அப்பருக்கு ஏழாம் நம்பர் சோல் போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். தமிழ்நாட்டுக்குள் விற்றால் ரூபாயில் பில், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழிக் கடிதம்) கொடுத்து ஏற்றுமதி செய்தால் வரி போடாமல் யூரோவிலோ டாலரிலோ இன்வாய்ஸ். எக்ஸ்போர்ட் இன்வாய்ஸுக்கு உள்ளூர் வரிக் கணக்கு ஒட்டிக்கொண்டால் வெளிநாட்டு வாங்குபவருக்கு எஸ்ஜிஎஸ்டி போட்ட பில் போய்ச் சேரும்.

இதற்கு இத்தனை கிளாஸ் தேவையே இல்லை. பைத்தானில் கிளாஸே ஒரு ஆப்ஜெக்ட்தான். ஒரு டிக்ஷனரியில் 'உள்ளூர்', 'எக்ஸ்போர்ட்' என்று இரண்டு கீ வைத்து, ஒவ்வொன்றிலும் அதனதன் இன்வாய்ஸ், வரி, பேக்கிங் லிஸ்ட் கிளாஸ்களை வைத்தால் வேலை முடிந்தது. இந்த ஃபேக்டரி பேட்டர்னைச் சொல்லும், 1994-ல் நான்கு பேர் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தில் உதாரணங்கள் சி பிளஸ் பிளஸிலும் ஸ்மால்டாக்கிலும்தான் இருக்கும். அதிலுள்ள 23 பேட்டர்ன்களில் 16, டைனமிக் மொழிகளில் (பைத்தானும் அந்த வகைதான்) எளிதாகிவிடும் அல்லது காணாமலே போய்விடும் என்று கம்ப்யூட்டர் விஞ்ஞானி பீட்டர் நார்விக் 1996-லேயே சொல்லிவிட்டார். நம் கல்லூரிகளில் இன்னும் யூஎம்எல் படத்துக்குத்தான் (கிளாஸ்களைக் கட்டம் போட்டு வரையும் படம்) மார்க், கோடை ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ப்ராஜெக்ட் சென்டர்கள் பிழைப்பதே இதனால்தான்.

உங்கள் கோடில் ஒரு கமெண்டில் 'நாற்காலி' என்று இருக்கிறது, பார்த்தீர்களா? ஃபர்னிச்சர் உதாரணம் ஒன்றை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி உங்களிடம் விற்றிருக்கிறார்கள். இதே கோட் ஆஸ்பத்திரி பில்லிங் என்ற பெயரில் இன்னொரு மாணவர் கையிலும் இருக்கலாம்.

பேலன்ஸ் பணம் கொடுக்காதீர்கள். சென்டருக்குப் போய், அவர்கள் கண்ணெதிரே ஏபிசி-யைச் சேர்த்து ஓட்டுங்கள். பேக்கிங் லிஸ்ட் மெத்தடை அவர்கள் எழுதித் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வைவாவில் முதல் கேள்வியே அதிலிருந்து வரும், அதை நீங்களே எழுதுங்கள்.