செமஸ்டர் நடுவில் படை அழைத்தால்

கேள்வி: என் மகன் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான், ராணுவ ரிசர்வ் படையிலும் இருக்கிறான். பத்து மாதப் பணிக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. செமஸ்டர் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. கட்டிய பணமும் படித்த பாடமும் வீண்தானா? நானே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பேசட்டுமா?
- ஒரு தாய், சான் அன்டோனியோ

பதில்: வீண் இல்லை, அம்மா. ஆனால் நீங்கள் போக வேண்டாம். படைக்குப் போகிறேன் என்ற தகவலை மாணவரோ, படை அதிகாரியோதான் பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டும் என்கிறது கூட்டரசு விதி. பதிவாளர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், கலங்கிப்போய் வந்து நிற்கும் பெற்றோரிடம் "மகனை அனுப்புங்கள்" என்று சொல்வதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வாய்மொழித் தகவலே போதும் என்றாலும், ஆணையின் நகலோடு மின்னஞ்சல் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

டெக்சாஸ் கல்விச் சட்டம் மூன்று வழிகள் தருகிறது. அந்த செமஸ்டருக்குக் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது "ராணுவப் பணிக்காக விலகல்" என்ற குறிப்போடு பாடங்களை முடிவுறாதவையாக நிறுத்திவைக்கலாம். அல்லது, பெரும்பகுதி வேலையை முடித்து, பாடத்தில் போதிய தேர்ச்சியும் காட்டியிருந்தால், ஆசிரியர் இறுதி கிரேடையே போட்டுவிடலாம்.

மூன்றாவதைக் கண்டதும் எல்லாரும் அதன் பின்னால்தான் ஓடுவார்கள். நான் ஓட மாட்டேன். வரலாறு போன்ற பாடத்தில் ஒரு கட்டுரை மட்டும் பாக்கி என்றால் கிரேடை வாங்கிக்கொள்ளட்டும். கால்குலஸ் அப்படி இல்லை. கடைசி ஐந்து வாரத்தில் நடத்துவதன் மேல்தான் அடுத்த பாடம் நிற்கும். அதைப் படிக்காமல் சுமாரான கிரேடோடு போனால் திரும்பி வந்ததும் திண்டாட்டம்தான். பாடவாரியாக வேறு வேறு முடிவுக்கு அங்கே இடமுண்டா என்று முதலில் கேட்கட்டும்.

நிறுத்திவைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பையன் வருவதற்குள் ஆசிரியர் வேறு ஊருக்குப் போயிருப்பார். "இறுதித் தேர்வும் கடைசி இரண்டு வீட்டுப்பாடங்களும் பாக்கி, மற்றவற்றின் மதிப்பெண் இது" என்று அவரிடம் எழுத்தில் வாங்கி, துறை அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுவது நல்லது.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கூட்டரசு ஆணையின்படி தொடர்ந்து 30 நாளுக்கு மேற்பட்ட பணி என்றால், விட்ட இடத்திலேயே, அதுவரை சேர்த்த கிரெடிட்களோடு (முடித்த பாடங்களுக்குக் கணக்கிடும் அலகுகள்) பல்கலைக்கழகம் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் கல்வியாண்டுக்குப் பழைய கட்டணமே. பணி முடிந்து மூன்று ஆண்டுக்குள் திரும்புவதாகத் தெரிவித்துவிட வேண்டும். இப்படி விட்டுப்போகும் காலம் மொத்தம் ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது. கூட்டரசு நிதியுதவி வாங்குகிறான் என்றால், விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். அங்கே கணக்கு வேறு.

கேள்வி: படையில் பெற்ற பயிற்சிக்கே கிரெடிட் கிடைக்குமாமே?
- ஒரு மாணவர், ஹூஸ்டன்

பதில்: கிடைக்கும், ஆனால் பல்கலைக்கழகம் மனம் வைத்தால். படைப் பயிற்சிகளை மதிப்பிட்டு, எதற்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைக்கிறது. பரிந்துரை மட்டுமே, கட்டளை இல்லை. அடிப்படைப் பயிற்சிக்கு உடற்பயிற்சி, முதலுதவி என்று எதிலாவது சில கிரெடிட் வரும். பெரும்பாலும் விருப்பப் பாடக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வானொலிக் கருவி, மருத்துவ உதவி, எந்திரப் பராமரிப்பு என்று தொழில்நுட்பப் பயிற்சி பெற்றிருந்தால் அந்தப் பயிற்சியின் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு துறைத் தலைவரையே பாருங்கள். கட்டாயப் பாடம் ஒன்று கழியவும் வாய்ப்புண்டு. தரைப்படை, கடற்படை, மரீன், கடலோரக் காவல் படையினருக்கு ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட் என்ற பொதுச் சான்று உண்டு. அதை நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். விமானப்படையினர் மட்டும் தங்கள் கம்யூனிட்டி காலேஜ் ஆஃப் தி ஏர் ஃபோர்ஸிடம் கேட்க வேண்டும்.