ஐரோப்பாவின் ஏஐ சட்டம் சென்னையில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தைப் பாதிக்குமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது: சென்னையில் நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனம், ஆள்தேர்வுக்கான மென்பொருள், ஜெர்மனியில் சில வாடிக்கையாளர்கள். "ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தைத் தள்ளிப்போடப் போகிறார்களாமே, பொறுத்திருந்து பார்க்கலாமா, இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?"

பாதிக்கும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் ப்ரஸ்ஸல்ஸிலிருந்து நோட்டீஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் வரப்போவது உங்கள் ஜெர்மன் வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு அனுப்பும் கேள்விப் பட்டியல், ஓர் எக்செல் கோப்பு. சட்டத்தின் தேதி தள்ளிப்போனாலும் அந்தக் கோப்பு தள்ளிப்போவதில்லை. நானும் இதே வகை மென்பொருள் விற்கும் ஒரு சென்னை நிறுவனத்தில்தான் இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் கேள்விப் பட்டியல்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வக்கீல் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேதிகளை முதலில் முடித்துவிடலாம். ஐரோப்பிய ஆணையம் இந்தச் சட்டத்தை முன்மொழிந்தது 2021 ஏப்ரலில். அப்போது சாட்ஜிபிடி கிடையாது. 2022 நவம்பரில் அது வந்ததும், பாதி எழுதியிருந்த சட்டத்துக்குள் பெரிய மொழி மாடல்களுக்கென்று ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சொருகினார்கள். 2024 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் அமலில் இருக்கிறது, ஆனால் படிப்படியாக. தடை செய்யப்பட்ட பயன்பாடுகள் பற்றிய பகுதி 2025 பிப்ரவரி 2 முதல், பெரிய மாடல்கள் பற்றியது 2025 ஆகஸ்ட் 2 முதல். உங்களைத் தொடுவது மூன்றாவது படி, "அதிக ஆபத்து" வகை, அதாவது தவறினால் மனிதர்களின் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கக்கூடிய பயன்பாடுகள். சட்டத்தில் முதலில் எழுதியபடி அதற்கான தேதி 2026 ஆகஸ்ட் 2. இதைத்தான் தள்ளிவைக்க 2025 நவம்பர் 19 அன்று ஆணையமே முன்மொழிந்தது: ஆள்தேர்வு, கடன் மதிப்பீடு மாதிரி பயன்பாடுகளுக்கு அதிகபட்சம் 2027 டிசம்பர் 2 வரை. ஆணையம் சொன்னால் மட்டும் போதாது, நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் கவுன்சிலும் ஒத்துக்கொண்டால்தான் தேதி மாறும்.

தள்ளிவைக்க ஏன் கேட்டார்கள்? ஏர்பஸ், லுஃப்தான்ஸா, மெர்சிடிஸ் பென்ஸ் மாதிரி பெரிய நிறுவனங்கள் 2025 ஜூலையில் இரண்டு ஆண்டு அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எப்படிச் சோதிப்பது, எந்த அளவு போதும் என்று சொல்ல வேண்டிய தர நிர்ணயங்களே தயாராகவில்லை. செனும் செனெலெக்கும் (ஐரோப்பாவுக்குத் தர நிர்ணயம் எழுதும், நம்ம ஊர் பிஐஎஸ் மாதிரி அமைப்புகள்) அவற்றை அப்போது எழுதி முடித்திருக்கவில்லை. கேள்வித்தாள் அச்சாகாமல் பரீட்சைத் தேதி மட்டும் அறிவித்த கதை.

சரி, உங்கள் மென்பொருள் அதிக ஆபத்து வகையா? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சட்டத்தின் மூன்றாவது இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பது, விண்ணப்பங்களை வடிகட்டுவது, வேட்பாளர்களை மதிப்பிடுவது எல்லாம் அதில் வெளிப்படையாக உண்டு. ஆனால் ஆறாவது பிரிவில் ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள்: குறுகிய, நடைமுறை சார்ந்த வேலையை மட்டும் செய்தால் அது அதிக ஆபத்து ஆகாது. அதாவது ரெஸ்யூமே பிடிஎஃப்பிலிருந்து பெயர், படிப்பு, வேலை செய்த வருடங்களைப் பிரித்து அட்டவணையில் போடுவதோடு நின்றால் தப்பித்தீர்கள். அதே அட்டவணையில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்து, இந்த ஆளுக்கு நூற்றுக்கு 82 என்று போட்டால் மாட்டினீர்கள். தனிநபரைப் பற்றி இப்படிக் கணித்து மதிப்பிட்டால் விலக்கு கிடையாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரம் போடலாமா என்று எங்கள் விற்பனைப் பிரிவில் கேட்டார்கள். நட்சத்திரம், பச்சை வட்டம், "நல்ல பொருத்தம்" என்ற வாசகம், எதைப் போட்டாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

விலக்கு உண்டு என்று நீங்களே முடிவு செய்தாலும், ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். ஆனால் அந்த இரண்டு பக்கத்தை எழுதாத நிறுவனங்களே அதிகம் என்பது என் கணிப்பு.

அடுத்தது, "நாங்கள் மாடல் எதுவும் செய்யவில்லை, ஓபன்ஏஐ ஏபிஐயைத்தான் கூப்பிடுகிறோம், பொறுப்பு அவர்களுடையது" என்ற வாதம் (சாட்ஜிபிடி செய்த நிறுவனத்தின் மாடலை இணையம் வழியாக உங்கள் மென்பொருளிலிருந்து பயன்படுத்தும் வழிதான் அந்த ஏபிஐ). எடுபடாது. மாடல் செய்தவருக்குத் தனிக் கடமைகள் உண்டு, ஆனால் அதை வைத்து ஆள் வடிகட்டும் பொருளைச் செய்து உங்கள் பெயரில் விற்றால், அந்தப் பொருளுக்கு வழங்குநர், அதாவது சட்டப்படி முதன்மைப் பொறுப்பாளி, நீங்கள். கோவையிலும் சென்னையிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர் ஒட்டி விற்பதற்காகவே மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. அவர்கள் கதை கொஞ்சம் வேறு. பெயர் யாருடையதோ அவர்தான் சட்டப்படி வழங்குநர் ஆகிறார் (25-ஆவது பிரிவு). ஆனால் அவருக்கு வேண்டிய ஆவணங்களையும் விவரங்களையும் செய்துகொடுத்தவர் கொடுத்தாக வேண்டும். ஆக, எழுத்து வேலை எப்படியும் இங்கேதான் வந்து நிற்கும்.

ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் சட்டம் பொருந்துமா என்றால், பொருந்தும். பொருளை அங்கே சந்தையில் விட்டாலோ, அது தரும் முடிவு அங்கே பயன்படுத்தப்பட்டாலோ போதும் என்று இரண்டாவது பிரிவு சொல்கிறது. சர்வர் மும்பையில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. அதிக ஆபத்து வகைப் பொருள் விற்க ஒன்றியத்துக்குள் ஒரு அதிகாரபூர்வப் பிரதிநிதியை எழுத்துமூலமாக நியமிக்க வேண்டும். இதற்கென்று ஆண்டுக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆருக்காக ஏற்கெனவே ஒரு பிரதிநிதி வைத்திருந்தால் அவரிடமே விலை கேளுங்கள்.

இனி எக்செல் கோப்பு. எங்களுக்கு வந்த ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: குறைந்த மதிப்பெண் பெற்ற விண்ணப்பங்களை மனிதர் ஒருவர் பார்த்தார் என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். திரையை நினைத்துப் பாருங்கள். ஒரு பணியிடத்துக்கு 400 விண்ணப்பம் வருகிறது. மென்பொருள் மேலிருந்து கீழாக அடுக்குகிறது. முதல் பக்கத்தில் 25 பேர். ஆள் எடுப்பவர் முதல் பக்கத்தைப் பார்த்து ஆறு பேரைக் கூப்பிடுகிறார், மீதியை மொத்தமாகத் தேர்வு செய்து நிராகரிப்பு பட்டனை அழுத்துகிறார். மென்பொருள் யாரையும் நிராகரிக்கவில்லை, மனிதர்தான் அழுத்தினார். ஆனால் இரண்டாம் பக்கத்திலிருந்து யாருடைய விண்ணப்பத்தையும் யாரும் திறக்கவே இல்லை. மனிதக் கண்காணிப்பு வேண்டும் என்று சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்வது இதைப் பற்றித்தான். 2023 டிசம்பரில் ஷூஃபா என்ற ஜெர்மன் கடன் மதிப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுத்தால், மதிப்பெண் போட்டதே தானியங்கி முடிவாகக் கருதப்படும்.

பெரும்பாலான மென்பொருள்களில் யார் எதை மாற்றினார் என்பதற்கு லாக், அதாவது தானாகச் சேரும் பதிவு, இருக்கும். யார் எதைத் திறக்கவே இல்லை என்பதற்கு லாக் இருக்காது. அதைச் சேர்ப்பது பெரிய வேலையும் இல்லை. ஆனால் சேர்த்ததும் வேறொரு வம்பு தொடங்கும். ஜெர்மன் கம்பெனிகளில் ஊழியர் மன்றம் என்று ஒன்று உண்டு. ஊழியர்களின் நடத்தையைக் கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்துக்கும் அதன் சம்மதம் வேண்டும். "எங்கள் ஆள்தேர்வு ஊழியர் எந்த விண்ணப்பத்தை எத்தனை நொடி பார்த்தார் என்று பதிவு செய்கிறீர்களே" என்று அவர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. நொடிக் கணக்கை விட்டுவிட்டு, திறந்தாரா இல்லையா என்பதை மட்டும் ஊழியர் பெயரை மறைத்துச் சேமித்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம்.

என் சொந்தக் குறை ஒன்று உண்டு இந்தச் சட்டத்தின் மேல். இது அடிப்படையில் பொருள் பாதுகாப்புச் சட்டம். பொம்மை, லிஃப்ட், மருத்துவக் கருவி எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவில், விதிகளுக்கு உட்பட்டது என்று காட்ட, சிஇ முத்திரை போடுவார்களே, அதே முறையை மென்பொருளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொழில்நுட்ப ஆவணம் தயாரி, சோதனை செய், முத்திரை போடு, ஆவணத்தைப் பத்து வருடம் வைத்திரு. லிஃப்டுக்கு இது சரி. ஒருமுறை பொருத்தினால் வருடக்கணக்கில் அதே லிஃப்ட்தான். நாங்கள் வாரா வாரம் புது வெர்ஷன் விடுகிறோம். போதாததற்கு, கீழே இருக்கும் மொழி மாடலை அதைச் செய்த நிறுவனம் ஒருநாள் "இந்த வெர்ஷனை இந்தத் தேதியோடு நிறுத்துகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடும். பெண்கள், ஆண்கள், வயது, பெயர் வாரியாக நீங்கள் பழைய மாடலில் ஓட்டிப் பார்த்து எழுதிய சோதனை முடிவுகள் புது மாடலுக்குப் பொருந்துமா? ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. "கணிசமான மாற்றம்" நடந்தால் மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். மாடல் மாறுவது கணிசமான மாற்றமா? நாங்கள் ஆம் என்றே வைத்துக்கொண்டு, சோதனைத் தொகுப்பை ஒரு கட்டளையில் மறுபடி ஓட்டும்படி செய்திருக்கிறோம். இந்தச் சட்டத்துக்காகச் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான், ஏனென்றால் சட்டமே இல்லாவிட்டாலும் அது வேண்டும். அமேசான் சோதனையாகச் செய்துவந்த ஆள்தேர்வு மென்பொருள் பெண்களின் ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளியது என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை இந்தத் துறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அபராதத்தைப் பற்றி யூடியூபில் பயமுறுத்துகிறார்கள். 3.5 கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 7 சதவீதம் என்பது தடை செய்யப்பட்ட பயன்பாடுகளுக்கு. அதிக ஆபத்து விதிகளை மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது 3 சதவீதம். பெரிய கம்பெனிக்கு இரண்டில் எது அதிகமோ அது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு எது குறைவோ அது. இந்தக் கடைசி வாக்கியத்தை வீடியோக்களில் விட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு 20 கோடி ரூபாய் வருவாய் உள்ள நிறுவனத்துக்கு 3 சதவீதம் என்றால் உச்சவரம்பு 60 லட்சம். சின்னத் தொகை இல்லை, ஆனால் 150 கோடியும் இல்லை. உண்மையில் உங்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு, கேள்விப் பட்டியலில் "இல்லை" என்று நாலு இடத்தில் எழுதியதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவது.

தடை செய்யப்பட்ட பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், அது ஏற்கெனவே அமலில் இருக்கிறது. வீடியோ நேர்காணலில் முகபாவத்தையோ குரலையோ வைத்து "இவர் பதற்றமாக இருக்கிறார்" என்று சொல்லும் வசதி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிப்பதற்கு, மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர, அனுமதி இல்லை. ஆணையத்தின் வழிகாட்டுதலில் ஒரு வேடிக்கை: கால் சென்டரில் வாடிக்கையாளரின் குரலில் கோபம் இருக்கிறதா என்று பார்ப்பது தடையில் வராது, ஊழியரின் குரலில் பார்ப்பது வரும். ஒரே அழைப்பு, ஒரே மென்பொருள்.

இந்தியாவில் இதுபோல் ஒரு தனிச் சட்டம் இல்லை. 2025 நவம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இப்போதைக்கு இருக்கும் சட்டங்களே போதும் என்ற நிலையில்தான் இருந்தன. ஆகவே உள்ளூர் வாடிக்கையாளர் இதையெல்லாம் கேட்க மாட்டார். தென்கொரியாவில் விற்பதாக இருந்தால் அங்கே 2026 ஜனவரியில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிட்டது, தனியாகப் பாருங்கள்.

நாற்பது பேர் கம்பெனிக்கு இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்பேன். உங்கள் பொருளில் ஏஐ எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றும் எந்த வகை, ஏன் என்று அந்த இரண்டு பக்கம். எந்த வெர்ஷன் மாடல் எந்தத் தேதியில் ஓடியது என்ற பதிவு, லாக் குறைந்தது ஆறு மாதம் அழியாமல் இருக்கும்படி ஓர் ஏற்பாடு. முழுத் தொழில்நுட்ப ஆவணத்துக்கு லட்சங்கள் கொடுத்து ஆலோசகர் வைக்க வேண்டாம். தர நிர்ணயங்கள் வரட்டும், சிறு நிறுவனங்களுக்கு எளிமையான படிவம் தருவதாகவும் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் ஒப்பந்தம். புதுப்பிக்கும்போது சில வாடிக்கையாளர்கள் "ஏஐ சட்டத்தால் எங்களுக்கு ஏற்படும் எந்த இழப்பையும் நீங்கள் ஈடுசெய்ய வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்புவார்கள், விற்பனைப் பிரிவு அவசரத்தில் அதை அப்படியே கையெழுத்துக்கு அனுப்பும். போட்டுவிடாதீர்கள். மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கும் சட்டத்தில் தனிக் கடமைகள் உண்டு: ஏஐ பயன்படுத்துகிறோம் என்று விண்ணப்பதாரர்களுக்கும் ஊழியர் பிரதிநிதிகளுக்கும் சொல்வது, பயிற்சி பெற்ற ஆளைக் கண்காணிப்புக்கு வைப்பது. அவர்கள் அதைச் செய்யாமல் விட்டதற்கு நீங்கள் பணம் கட்டக் கூடாது. வழங்குநராக நாங்கள் தவறினால் நாங்கள் பொறுப்பு, உச்சவரம்பு ஓராண்டுக் கட்டணம் என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். இரண்டு சுற்று பேசி, இரண்டு ஆண்டுக் கட்டணத்தில் முடிந்தது.