அம்மா பார்த்த ‘ஏஞ்சல்ஸ்’: கடையில் இல்லாத தொடரை விற்பவர் யார்?

கேள்வி: என் அம்மா 1973இல் மலேசியாவிலிருந்து நர்ஸ் பயிற்சிக்காக லண்டன் வந்தவர். நர்ஸுகளைப் பற்றி பிபிசியில் ‘ஏஞ்சல்ஸ்’ என்று ஒரு தொடர் ஓடியதாம். பயிற்சிக் காலத்தில் விடுதியில் எல்லோரும் ஒரே டிவி முன்னால் கூடிப் பார்ப்பார்களாம். அதை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறார். கடைகளில் முழுத் தொடர் கிடைக்கவில்லை. இணையத்தில் ஒருவர் “முழு பாக்ஸ் செட், 220 எபிசோட், 95 பவுண்டு” என்கிறார். இன்னொருவர், பிபிசி காப்பகத்தில் தனக்கு ஆள் உண்டு, 150 பவுண்டு முன்பணம் தந்தால் நகல் எடுத்துத் தருகிறேன் என்கிறார். 50 ஆண்டு ஆகிவிட்டதால் சட்டச் சிக்கல் இல்லை என்று இருவருமே சொல்கிறார்கள். யாரை நம்பலாம்? (வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்:

இருவரையும் நம்பாதீர்கள். பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் கைமாற விடாதீர்கள்.

முதலில், ஏன் கடையில் இல்லை என்பது. பழைய பிரிட்டிஷ் நாடகம் எது கிடைக்காவிட்டாலும் “பிபிசி டேப்பை அழித்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறார்கள். அறுபதுகளின் தொடர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். இரண்டு அங்குல அகல வீடியோ டேப் அன்று விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். ‘டாக்டர் ஹூ’ தொடரின் அறுபதுகளின் எபிசோட்களில் 90க்கும் மேல் இன்றும் காணவில்லை. 1961இல் வந்த ‘ஏ ஃபார் ஆண்ட்ரமீடா’வின் ஏழு எபிசோட்களில் முழுதாகக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று. பிபிசி ஒழுங்கான ஒரு திரைப்பட, வீடியோ நூலகம் அமைத்தது 1978இல்தான். ஆனால் உங்கள் அம்மா கேட்பது 1975 முதல் 1983 வரை வந்த வண்ணத் தொடர். அந்தக் காலத்து நாடகங்களில் பெரும்பாலானவை அழிப்பிலிருந்து தப்பிவிட்டன. இங்கே தடை டேப் அல்ல, காகிதம்.

அந்தக் காகிதத்தோடு 20 வருடம் மல்லுக்கட்டியவன் நான். எழுபதுகளில் ஒரு நடிகரோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? ஒருமுறை ஒளிபரப்பலாம், சில வருடங்களுக்குள் மறு ஒளிபரப்பு செய்யலாம், அதற்கு இவ்வளவு தொகை. அவ்வளவுதான். ஜனங்கள் வீட்டுக்கு வாங்கிப்போய்ப் பார்ப்பார்கள் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அதனால் டிவிடியாக வெளியிட வேண்டுமானால் நடிகர், எழுத்தாளர், இசையமைத்தவர் எல்லோருக்கும் பங்கு கணக்குப் பார்க்க வேண்டும். பின்னாளில் சங்கங்களோடு பொது ஒப்பந்தங்கள் வந்து வேலையை ஓரளவு சுலபமாக்கின. பாட்டுதான் இன்னும் கழுத்தைப் பிடிக்கும். காட்சியில் பின்னணியில் ரேடியோவில் ஒரு பாப் பாட்டு ஓடுகிறது என்று வையுங்கள். ஒளிபரப்புக்குச் சேனலின் பொது உரிமம் போதும். டிவிடிக்கு அந்தப் பாட்டுக்காரரிடம் தனியாகப் போய் நிற்க வேண்டும். அவர் கேட்கும் தொகை சில சமயம் மொத்த டிவிடி விற்பனையையும் தாண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், மூன்றே வரி வசனம் பேசிய ஒருவரின் வாரிசைத் தேடி எட்டு மாதம் கடிதம் எழுதினோம். கடைசியில் கண்டுபிடித்தபோது அந்த அம்மாள், “தாத்தா டிவியில் நடித்ததே எனக்குத் தெரியாது, தாராளமாக வெளியிடுங்கள்” என்றார். அதற்குள் வருடத்துக்கான பட்ஜெட் முடிந்து, தொடர் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. இன்றுவரை அது வெளிவரவில்லை. இப்படிக் கிடப்பில் கிடப்பவை நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாம் ஜனங்கள் கட்டிய டிவி லைசென்ஸ் கட்டணத்தில் எடுத்தவை. கட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு யாருக்குக் காட்டப்போகிறார்கள் என்று நான் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

இதற்கு மேல் தணிக்கைச் செலவு. பிரிட்டனில் நாடக டிவிடி விற்க, படங்களுக்கு வயது வரம்பு வகுக்கும் அமைப்பான பிபிஎஃப்சியின் சான்று வேண்டும். அவர்கள் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். ‘ஏஞ்சல்ஸ்’ தொடக்கத்தில் 50 நிமிட எபிசோட்களாக வந்தது. 1979இலிருந்து 25 நிமிடமாக, வாரம் இருமுறை. அத்தனை எபிசோட்களுக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டி, சில ஆயிரம் பேருக்கு விற்றால் எந்தக் கணக்கும் ஒத்துவராது. அதனால்தான் தொடக்கப் பருவங்கள் (சீசன்கள்) டிவிடியாக வந்தன, முழுத் தொகுப்பு வரவே இல்லை.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், இது பிபிசி தொடர். உரிமை யாரிடம் என்ற குழப்பமாவது இல்லை. தனியார் நிலையங்களின் கூட்டமான ஐடிவி பக்கம் போனால் தலைசுற்றும். அதில் தென் இங்கிலாந்துக்கான நிலையமான டிவிஎஸ் 1992 முடிவில் ஒளிபரப்பு உரிமம் இழந்தது. அதன் நிகழ்ச்சிகள் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குப் போய், அதை இன்னொன்று வாங்கி, கடைசியில் டிஸ்னியிடம் வந்து சேர்ந்தன. கை மாறிய வழியில் ஒப்பந்தத் தாள்கள் பல எங்கோ போய்விட்டன.

இனி அந்த 95 பவுண்டுக்காரர். அதிகாரபூர்வமான முழுத் தொகுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே அவர் விற்பது வீட்டுக் கணினியில் பதிந்த, ‘சுட்ட’ டிவிடித் தட்டு. யாரோ என்றைக்கோ விஎச்எஸ்ஸில் பதிந்ததன் நகலின் நகல். முகம் மங்கலாக இருக்கும், பாதியில் ஒலி போகும், “220” என்று எண்ணி வாங்கினால் ஒரே எபிசோட் இரண்டு தட்டில் இருக்கும். அடையாளம் காண்பது எளிது. தட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் ஊதாவாக மின்னினால் அது சுட்ட தட்டு. அட்டையில் பிபிஎஃப்சி வயது முத்திரையும் பார்கோடும் இல்லாவிட்டால் சந்தேகமே வேண்டாம். “நண்பருக்கு அனுப்புவதுபோல் பேபாலில் அனுப்புங்கள்” என்று விற்பவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. விலை ஏன் 95 என்றும் யோசியுங்கள். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கும் பொருளுக்குத்தான் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி வங்கியும் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் அந்தப் பிடி இல்லை.

“காப்பகத்தில் ஆள் உண்டு” என்பவர் இவரைவிட மோசம். சாதாரணப் பார்வையாளர்களுக்கு பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகளை நகலெடுத்துக் கொடுப்பதில்லை. உள்ளே ஒருவர் திருடிக் கொடுத்தாலொழிய அந்த வழி இல்லை. பெரும்பாலும் உள்ளே ஆளே இருக்க மாட்டார். முன்பணம் போகும், பிறகு “உரிமத் தொகை”, “டேப் சுத்தம் செய்யும் செலவு” என்று ஒவ்வொன்றாக வரும். வயதான பெற்றோரின் ஆசையைத் தீர்க்க நினைக்கும் பிள்ளைகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

அடுத்து 50 ஆண்டு விவகாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் அரைத் துளி உண்மை இருக்கிறது, அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ஒளிபரப்புக்கான காப்புரிமை, அது ஒளிபரப்பான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. ‘ஏஞ்சல்ஸ்’ முதல் எபிசோட் வந்தது 1975 செப்டம்பர் 1. கணக்குப்படி 2025 டிசம்பர் 31இல் அது முடிகிறது. விற்பவர் இங்கேயே நிறுத்திக்கொள்வார். நீங்கள் நிறுத்தாதீர்கள். முடிவது ஒளிபரப்பு என்ற ஓர் அடுக்கின் உரிமை மட்டும். அதற்கு அடியில் கதை வசனம் இருக்கிறது. அதன் உரிமை, எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டு. ஒரு எபிசோடை எழுதியவர் 1990இல் இறந்தார் என்று வையுங்கள், 2060 முடியும்வரை அது அவர் வாரிசுகளுடையது. இசைக்கும் அப்படியே. அதன்பிறகு, பதிவு செய்த படம் என்ற அடுக்குக்குத் தனிக் கணக்கு. வீட்டை இடித்துவிட்டார்கள் என்பதற்காக மனை பொதுச் சொத்தாகிவிடுமா? அதே கதைதான். ஆகவே “50 வருஷம் ஆச்சு, இனி யார் வேண்டுமானாலும் விற்கலாம்” என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். அம்மா எப்போதோ தாமே விஎச்எஸ்ஸில் பதிந்து வைத்திருந்தால் அதை வீட்டில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. விற்பதுதான் குற்றம்.

சரி, என்ன செய்யலாம்? பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பழைய நாடகங்கள் அங்கே வரும், சொல்லாமல் போகும். அம்மா வீட்டில் டிவி லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 2016 செப்டம்பரிலிருந்து ஐபிளேயருக்கும் அது வேண்டும். உள்ளூர் நூலகத்தில் டிவிடி இருக்கிறதா, இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து வரவழைப்பார்களா என்று கேளுங்கள். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் நூலகங்கள் டிவிடிகளைக் கழிக்கின்றன. தேம்ஸ் கரையில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் பிஎஃப்ஐ சௌத்பேங்கில் மீடியாதேக் இருக்கிறது, காப்பகப் படங்களை உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். அம்மாவை அழைத்துப் போகுமுன் இந்தத் தொடர் அங்கே உண்டா என்று கேட்டுவிடுங்கள். பழைய நாடகங்களை ஒளிபரப்பும் டாக்கிங் பிக்சர்ஸ் டிவியையும் ஒரு கண் பாருங்கள்.

இணையக் கடையில் “வாங்கு” பொத்தானை அழுத்தினால் சொந்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பிபிசியே 2015 நவம்பரில் பிபிசி ஸ்டோர் என்று தொடங்கி, 2017 நவம்பரில் மூடிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் வாங்கிய நாடகங்கள் போனது போனதுதான். பழைய தொடர்களுக்கென்றே இங்கே 2019இல் வந்த பிரிட்பாக்ஸ் என்ற இணையச் சேவையும் 2024இல் ஐடிவியின் இணையச் சேவையான ஐடிவிஎக்ஸில் கரைந்துவிட்டது. கையில் பிடிக்கிற தட்டுதான் நிற்கும். அதிலும் பழைய டிவிடி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. இந்தத் துறையில் பெரிய வெளியீட்டாளராக இருந்த நெட்வொர்க் 2023இல் மூடப்பட்ட பிறகு, “இனிக் கிடைக்காது” என்ற ஒரே வார்த்தையை வைத்து மூன்று மடங்கு கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள். அறக்கட்டளைக் கடைகளில் (சாரிட்டி ஷாப்) அதே தட்டு இரண்டு மூன்று பவுண்டுக்குக் கிடப்பதை நானே எடுத்திருக்கிறேன்.

கடைசியாக, உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது. அம்மா 1973இல் பயிற்சியில் சேர்ந்தார், விடுதியில் பார்த்தார் என்கிறீர்கள். பயிற்சி அன்று இரண்டு அல்லது மூன்று வருடம். அப்படியானால் அவர் நினைவில் இருப்பது 1975, 76இல் வந்த தொடக்க எபிசோட்கள். டிவிடியாக வந்திருப்பதும் தொடக்கப் பருவங்கள்தான். 220 எபிசோட் உங்களுக்கு எதற்கு? பிபிசி ஜெனோம் என்ற இலவச இணையதளத்தில் ‘ரேடியோ டைம்ஸ்’ வார இதழில் வந்த பழைய நிகழ்ச்சிப் பட்டியல்கள் இருக்கின்றன. 1975 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. அங்கிருந்து வாரம் வாரமாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். “இதுதான்” என்று அவர் சொல்லும் எபிசோட் எந்தப் பருவம் என்று குறித்துக்கொண்டு, அந்த ஒரு தட்டைத் தேடினால் போதும்.